தானே கூட்டும் கட்டம்

படிவத்தில் விலையைத் தட்டுங்கள், எண்ணிக்கையைத் தட்டுங்கள், கீழே 'மொத்தம்' தானாக வந்து உட்கார்ந்துவிடும். சௌகரியம்தான், மறுக்கவில்லை. என் குறை ஒன்றே ஒன்று: விடையைக் காட்டுகிற கட்டம் வழியைக் காட்டுவதில்லை.

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,000 ரூபாய். பி.எஃப்.புக்கு முதலாளி பங்கு 12 சதவீதம், அதாவது 1,800. இதில் 8.33 சதவீதம் பென்ஷனுக்கு, மிச்சம் 3.67 பி.எஃப். கணக்குக்கு. பெருக்கினால் 1,249.50, 550.50. ஐம்பது காசு வந்தால் அடுத்த ரூபாயாக்க வேண்டும். இரண்டையும் தனித்தனியே முழுசாக்கிக் கூட்டுங்கள்: 1,801! ஒரு ரூபாய் எங்கிருந்து முளைத்தது? பென்ஷனை மட்டும் 1,250 ஆக்கி, அதை 1,800-இல் கழித்து 550 என்று போடுவதே முறை. படிவம் எழுதியவர் எந்த வழியில் போனார், யாருக்குத் தெரியும்?

பிரௌசரில் கூட்டல் போடும் ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு, கட்டத்தில் நீங்கள் தட்டியது வெறும் எழுத்து. எண்ணாக மாற்றாமல் கூட்டச் சொன்னால் 100-உம் 50-உம் ஒட்டிக்கொண்டு 10050 ஆகும். இதையாவது யாரும் பிடித்துவிடுவார்கள். ஒரு ரூபாய்த் தப்பு கண்ணில் படாது. ஆயிரம் பேருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் இடிக்கும்.

மளிகைக்கடை அண்ணாச்சி துண்டுக் காகிதத்தில் வரிசையாக எழுதி, வாய்விட்டுக் கூட்டுவார். நாமும் மனசுக்குள் கூடவே கூட்டுவோம். நல்ல படிவம் அந்தத் துண்டுக் காகிதம் மாதிரி இருக்கணும். அதுவரை, சம்பளச் சீட்டு வந்ததும் ஒரு பென்சிலை எடுங்கள்.