தொந்தரவு யாருக்கு?

ஒரு கதையைப் பாராட்ட வேண்டுமா, 'இந்தப் பிரதி என்னைத் தொந்தரவு செய்கிறது' என்று எழுதினால் போதும் என்றாகிவிட்டது நம் விமர்சனத்தில். முந்தைய தலைமுறை 'நெஞ்சை உருக்குகிறது' என்றது. அதைக் கேலி செய்துவிட்டு இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். போகப்போக அந்த 'என்னை'யும் உதிர்ந்து, 'தொந்தரவு செய்யும் எழுத்து' என்பது ஒரு தரச்சான்று மாதிரி ஆயிற்று. 'டிஸ்டர்பிங்' என்கிற ஆங்கில அடைமொழியின் நிழல் இது.

கடன் வாங்குவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் ஆங்கிலத்தில் அச்சொல், தொந்தரவைப் பொருளின் குணமாகவே ஆக்கிவிடுகிறது. யாருக்கு என்று கேட்க வேண்டியதில்லை. தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்று பிரித்ததே தவிர, ஆங்கில இலக்கணம் சொல்கிற பெயரடையைத் தனி வகையாக வைக்கவில்லை. 'தொந்தரவு செய்கிற' என்பது பெயரெச்சம். வினையிலிருந்து பிறந்ததால் செய்தது எது, பட்டது யார் என்கிற கேள்விகள் அதன் வயிற்றிலேயே கிடக்கின்றன. பேச்சில் இன்னும் கறார்: 'எனக்குத் தொந்தரவா இருக்கு' என்று நான்காம் வேற்றுமை முன்னால் வந்து நிற்கும்.

அந்த 'எனக்கு' யார்? திருப்பூரில் உட்கார்ந்து யோசிக்கும்போது இந்தக் கேள்வி இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. தொந்தரவு என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கன்னடத்தில் தொந்தரெ என்றால் தொல்லை. தெலுங்கில் தொந்தர என்றால் அவசரம். ஷிப்மெண்ட் தேதிக்கு ஓடுகிற ஊரில் இரண்டும் ஒன்றுதான். பனியன் கம்பெனியில் இதற்கென்று ஒரு சொற்கூட்டமே உண்டு. ரோதனை வடமொழியில் அழுகை, இங்கே சலிப்பு. இம்சைக்கு முன்னால் 'அ' சேர்ந்தால் காந்தி, சேராவிட்டால் 2006க்குப் பிறகு வடிவேலு. ஈழத்தில் இதையே கரைச்சல் என்பார்கள், அழகான சொல். எல்லாவற்றுக்கும் மேலே 'டார்ச்சர்'. டீக்கு விடாததும் டார்ச்சர், விடிய விடிய ஓவர்லாக் மிஷினில் உட்கார வைப்பதும் டார்ச்சர். மிகை என்று தள்ளுவது சுலபம். ஆனால் புகார் என்று வாய் திறந்தால் நாளைக்கு வேலை இல்லை என்கிற இடத்தில், பெரிய சொல்லை விளையாட்டாகச் சொல்லித்தான் உண்மையைச் சொல்ல முடிகிறது.

மேலே இருப்பவர்களின் மொழி நேரெதிர். பெரிய காரியத்துக்குச் சின்னச் சொல். 1998இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டத்தின் பெயரிலேயே 'ஈவ் டீசிங்' இருந்தது, ஏதோ கேலிப் பேச்சு போல. 2002இல்தான் அது பெண்களைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் சட்டம் என்று பெயர் மாறியது. செய்தித்தாள்களில் 'சீண்டல்' இன்னும் போகவில்லை. 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தில், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏற்றுமதி நிறுவனமும் தமிழ்நாடு ஜவுளித் தொழிலாளர் சங்கமும், பாலின அடிப்படையிலான வன்முறை என்று அதைப் பெயர் சொல்லியே எழுதின. அந்தப் பெயரை அங்கே கொண்டுவந்து வைக்க ஒரு இளம் தொழிலாளியின் கொலை வேண்டியிருந்தது.

சட்டத்தின் 'பொதுத் தொல்லை'யும் இப்படித்தான். 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் காயம், ஆபத்து, எரிச்சல் மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி, தனித் தண்டனை சொல்லப்படாத தொல்லைக்கு 200 ரூபாய் வரை அபராதம் என்றது. 2024இல் வந்த நியாய சன்ஹிதாவில் அது 1000 ரூபாய். நொய்யலைக் கொண்டுபோய் இந்தச் சொல்லில் அடைத்துப் பாருங்கள்! பாசனத்துக்காகக் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளில் சாயக்கழிவின் தேக்கமானது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. ஆற்றங்கரை விவசாயிக்குத் தொந்தரவு சாயம். பட்டறையில் கூலிக்கு நின்றவருக்குத் தொந்தரவு அந்தப் பூட்டு. இரண்டு நான்காம் வேற்றுமைகள், நேருக்கு நேர். 'கவலையளிக்கும் நிலைமை' என்று அறிக்கை எழுதுபவருக்கு இதில் எந்தச் சிக்கலும் இல்லை, ஏனென்றால் அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை'யைத் தொந்தரவு செய்யும் நாவல் என்று சொல்லும்போது இதே ஆளில்லாத வாக்கியத்தைத்தான் நாமும் எழுதுகிறோம். வாசகர் நிம்மதியாக இருந்தார், நாவல் வந்து கலைத்தது என்கிற கற்பனை அதற்குள் இருக்கிறது. ஓட்டல் அறைக் கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை தொங்கவிட்டுத் தூங்கும் பையருக்கு அது பொருந்தலாம். செக்கிங் மேசையில் பகலெல்லாம் நின்றுவிட்டு, ராத்திரி லைன்வீட்டில் எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை'யைப் புரட்டுகிற ஒருவருக்குக் கலைய என்ன நிம்மதி மிச்சம்? அவருக்கு அந்த நாவல் வேறொன்றைச் செய்கிறது: தன் தெருவும் தன் சம்பள நாளும் அச்சில் வரக்கூடியவை என்று காட்டுகிறது. அதில் ஒரு சந்தோஷம்கூட இருக்கிறது. அந்தச் சந்தோஷத்துக்கு நம் விமர்சனத்தில் இன்னும் சொல் கிடையாது. ஆங்கிலத்திலிருந்தும் அதைக் கடன் வாங்க முடியுமென்று தோன்றவில்லை.