பெங்காசியில் இறங்கியவர்கள்

விமானம் ஓட்டியவர்கள் எழுதிய புத்தகங்களை எல்லோரும் வானத்துக்காகத்தான் வாசிக்கிறார்கள். மேகம், நட்சத்திரம், தனிமை, கீழே சிறுத்துப்போன உலகம். எனக்கு அந்தப் பக்கங்கள் சீக்கிரம் அலுத்துவிடும். அவ்வளவு உயரம் போனால் யாருக்கும் கொஞ்சம் தத்துவம் வரத்தானே செய்யும்? நான் காத்திருப்பது சக்கரம் தரையைத் தொடும் பக்கத்துக்காக. சொந்தமாக ஒரு சின்ன விமானத்தை ஓட்டிக்கொண்டு போய், அந்நிய நாட்டின் ஏதோ ஒரு ஓடுதளத்தில் இறங்கி, இன்ஜினை நிறுத்தியதும் என்ன நடக்கிறது? யார் எதிரே வருகிறார், என்ன கேட்கிறார்? எழுதுகிறவரின் பார்வை எப்படிப்பட்டது என்பது அங்கேதான் தெரியவரும் என்று நினைக்கிறேன்.

இதைப் பார்க்க வசதியாக, ஒரே ஊரில் சில மாத இடைவெளியில் இறங்கிய இருவர் இருக்கிறார்கள். ஊர், அன்று இத்தாலியின் கையிலிருந்த லிபியாவின் பெங்காசி. 1935 டிசம்பர் கடைசியில் அங்கே இறங்கியவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. 'குட்டி இளவரசன்' வழியாக நமக்கு நன்றாகத் தெரிந்தவர். 1936-ல் இறங்கியவர் பெரில் மார்க்கம். இங்கிலாந்தில் பிறந்து, சிறுமியாகக் கென்யா போய், குதிரைப் பயிற்சியாளராகி, பிறகு விமானியானவர். எக்சுபெரியின் அனுபவம் 1939-ல் வந்த 'தேர் தெஸ் ஓம்' நூலில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'விண்ட், சாண்ட் அண்ட் ஸ்டார்ஸ்'. மார்க்கமின் நூல் 1942-ல் வந்த 'வெஸ்ட் வித் தி நைட்'. உலகம் கொண்டாடுவது முதல் நூலை. பெங்காசி விஷயத்தில் எனக்கு முக்கியமாகத் தெரிவது இரண்டாவது.

அந்தக் காலத்துச் சின்ன விமானங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மார்க்கம் நைரோபியிலிருந்து லண்டனுக்கு ஓட்டிப்போன லெப்பர்ட் மாத், மூன்று பேர் உட்காரக்கூடியது. 130 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை இன்ஜின். டாங்க் நிறைய பெட்ரோல் ஊற்றினாலும் சில மணி நேரத்துக்குத்தான் வரும். போக வேண்டியதோ சுமார் 6,000 மைல். ஆக அது ஒரே பயணம் என்று சொல்வதே பேச்சுக்குத்தான். உண்மையில் அது இறங்கி இறங்கி ஏறும் வேலை. ஒவ்வோர் இடத்திலும் பெட்ரோல் இருக்கிறதா, காற்று எந்தப் பக்கம், காகிதம் சரியாக இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள். முதல் இரண்டுக்கு எப்படியாவது பதில் கிடைத்துவிடும். மூன்றாவதுதான் ஆளைக் கொல்லும்.

ஏனென்றால் வானத்துக்கு எல்லை கிடையாது என்பது கவிஞர்கள் சொல்வது. சட்டம் வேறு மாதிரிச் சொல்கிறது. 1919-ன் பாரிஸ் ஒப்பந்தத்தின் முதல் பிரிவே, ஒரு நாட்டின் தலைக்கு மேலிருக்கும் வானம் முழுக்க அந்த நாட்டுக்கே சொந்தம் என்கிறது. 1944-ன் சிகாகோ ஒப்பந்தமும் அதையே திரும்பச் சொன்னது. தரையில் எல்லைக்கோடு ஒரு கோடுதான். வானத்தில் அது சுவர் மாதிரி எழுந்து நிற்கிறது. கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

எக்சுபெரி பாரிஸிலிருந்து சைகோனுக்குச் சாதனை வேகத்தில் போக முயன்றார். பரிசு 1,50,000 பிராங்க். சொந்த விமானம், ஒரு கோத்ரோன் சிமூன். கூடவே மெக்கானிக் ப்ரெவோ. கன்னங்கரிய இரவில் பெங்காசிக்கு வருகிறார். ஓடுதளத்தின் சிவப்பு விளக்குகள் எரிகின்றன. இருட்டில் ஒரு செவ்வகம் உருவாகிறது. இறங்குகிறார். மளமளவென்று பெட்ரோல் நிரப்பித் தருகிறார்கள். அந்த வேகத்தை அவர் பாராட்டுகிறார், மறுபடி ஏறிவிடுகிறார். அவருடைய பெங்காசி இவ்வளவுதான். அழகாக எழுதப்பட்ட பக்கங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே ஊர் கிடையாது. ஆள்கூடக் கிடையாது. விளக்குகளும் பெட்ரோலும் இருக்கின்றன.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்குத் தெரிந்த கதை. டிசம்பர் 30 அதிகாலையில் விமானம் பாலைவனத்தில் மோதுகிறது. தண்ணீர் இல்லாமல் இருவரும் அலைகிறார்கள். சாகும் தறுவாயில் ஒரு பெதுவின் மனிதர் கண்டெடுத்துத் தண்ணீர் தருகிறார். அவரை நோக்கி எக்சுபெரி எழுதியிருக்கும் பத்தி உலக இலக்கியத்தின் உச்சங்களில் ஒன்றாகச் சொல்லப்படுவது. அதன் சாரம் இது: உன் முகம் எனக்கு ஞாபகம் இருக்கப்போவதில்லை; நீ மனிதன், எல்லா மனிதர்களின் முகத்தோடும் என் முன் வந்தாய்.

எத்தனையோ பேரை இந்த இடம் அழ வைத்திருக்கிறது. என்னையும்தான். ஆனாலும் ஒரு கேள்வி உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. உயிரைக் காப்பாற்றியவரின் முகம் ஏன் ஞாபகம் இருக்கக் கூடாது? அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்குமே, அதைக் கேட்டிருக்கலாமே? 'மனிதன்' என்ற பெரிய சொல்லுக்குள் போட்டுவிட்டால் அந்தக் குறிப்பிட்ட மனிதர் காணாமல் போய்விடுகிறார். மேலிருந்து பார்த்துப் பழகிய கண்ணுக்குத் தரையில் நிற்கும்போதும் அந்த உயரம் குறைவதில்லை. எக்சுபெரியின் மானுடநேயம் பெரியதுதான், ஆனால் அது ஆயிரம் அடி உயரத்திலிருந்து பார்க்கும் மானுடநேயம்.

மார்க்கமின் பெங்காசிக்கு வருவோம். அங்கே போய்ச் சேர்வதே ஒரு பெரும்பாடு. சூடானில் ஜூபாவுக்கும் வாடி ஹல்ஃபாவுக்கும் இடையே ஒரு பெண் விமானம் ஓட்ட வேண்டுமென்றால் கார்ட்டூமிலிருந்த பிரிட்டிஷ் விமானப்படைத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். கீழே நைல் பரப்பி வைத்திருக்கும் சட் என்ற மாபெரும் நாணற் சதுப்பு. அதில் ஆண் விழுந்தாலும் மூழ்கத்தான் செய்வான், ஆனால் அனுமதிச் சீட்டு பெண்ணுக்கு மட்டும். கெய்ரோவில் இத்தாலிய அதிகாரிகளின் அனுமதிக்காகக் காத்திருப்பு. அது எத்தியோப்பியப் போர் நடந்த காலம். லிபியாவுக்கு மேலே பறக்கும் எந்த அந்நியரும் உளவாளியாக இருக்கலாம். எல்லையைத் தாண்டியதும் அம்சியாட் என்ற பாலைவனச் சாவடியில் கட்டாயம் இறங்க வேண்டும். சிப்பாய்கள் துப்பாக்கியோடு சூழ்ந்துகொள்கிறார்கள். யாரு நீ, எங்கேருந்து வர்றே, எங்கே போறே, கூட யாரு? கூட இருந்தவர் ப்ரோர் பிளிக்சன். வேட்டைக்காரர், எழுத்தாளர் ஐசக் டினேசனின் முன்னாள் கணவர். அங்கிருந்து நேராகப் பெங்காசி போகவும் முடியாது. பாலைவனத்தில் அவர்கள் காட்டும் கோட்டையைத் தேடி அதன் மேலாகப் போக வேண்டும். கோட்டையிலிருப்பவன் அண்ணாந்து பார்த்து, வந்தது இந்த விமானம்தான் என்று குறித்துக்கொள்வான்.

இதையெல்லாம் மார்க்கம் கிண்டலோடு எழுதுகிறார். புலம்பல் இல்லை. யாரிடமும் கேட்காமல் யானைக் கூட்டங்களைத் தேடிப் பறந்தவர், ஆப்பிரிக்காவைத் தன் வீட்டுக் கொல்லை மாதிரி நினைத்தவர், இங்கே முதல்முறையாக வரிசையில் நிற்கிறார். நூலின் மற்ற பகுதிகளில் இல்லாத ஒரு கூர்மை இந்த அத்தியாயங்களுக்கு வருவது அதனால்தான்.

கடைசியில் பெங்காசி. படையினரால் ஊர் நிரம்பிக் கிடக்கிறது. ஓட்டல்களில் இடமில்லை. இரவு தங்க இடம் கிடைப்பது ஒரு விலைமாதர் விடுதியில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில். அந்த விடுதியை நடத்தும் பெண் பிளிக்சனிடம் தன் கதையைச் சொல்கிறாள். சிறுவயதில் கடத்தப்பட்டவள். தான் எந்த ஊரில் பிறந்தோம் என்பதே அவளுக்குத் தெரியாது. திரும்பிப் போக ஆசை, ஆனால் எங்கே போவது?

இந்த இடத்தில் நூல் தன்னை அறியாமலே ஒரு பெரிய காரியத்தைச் செய்துவிடுகிறது. அதற்கு முந்தைய பக்கங்கள் முழுக்கக் காகிதம்: நீ யார், எந்த நாடு, எங்கிருந்து எங்கே. மார்க்கம் அந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் வைத்திருந்தார், எரிச்சலோடு. இப்போது அதே கேள்விகளுக்குப் பதிலே இல்லாத ஒருத்தி எதிரே உட்கார்ந்திருக்கிறாள். எந்த எல்லைச் சாவடியும் அவளை நிறுத்திக் கேட்கவில்லை. எந்த நாடும் அவளைத் தேடவில்லை. மார்க்கம் இந்த ஒப்பீட்டைச் செய்வதில்லை, இரண்டையும் அடுத்தடுத்து வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார். பாடம் எதுவும் கிடையாது. அந்தப் பெண் ஒரு பெரிய சொல்லாக மாறாமல், அந்த ஒருத்தியாகவே வாசகர் மனத்தில் தங்கிவிடுகிறாள்.

மார்க்கமைத் தூக்கிவைத்து ஆடுவதும் என் நோக்கமில்லை. நூலின் முதல் அத்தியாயத்தில் அவர் தாங்கனிக்காவின் நுங்வே என்ற தங்கச் சுரங்கப் பகுதிக்கு, ஒரு நோயாளிக்காக ஆக்சிஜன் உருளையோடு இரவில் போய் இறங்குகிறார். காட்டில் வெட்டிய ஓடுதளம், இருபக்கமும் எண்ணெய்த் தீவட்டிகள். மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிக்க வேண்டிய பக்கங்கள். ஆனால் தீவட்டிகளை ஏற்றிவிட்டு நின்றவர்களுக்கு அங்கே பெயர் கிடையாது. இருட்டில் அசையும் உருவங்கள்தான். தன் தோழர் அராப் ருட்டாவைப் பற்றி அவ்வளவு நெருக்கமாக எழுதத் தெரிந்த ஒருவர், ஓடுதளத்துக்கு வந்ததும் வெள்ளைக் குடியேறியின் கண்ணுக்குத் திரும்பிவிடுகிறார். அந்தக் கண் விலகுவது லிபியாவில், அவரே சந்தேகத்துக்குரியவராக நிற்கும்போதுதான்.

இந்த வழியில் நம்மவர்களும் பறந்திருக்கிறார்கள். இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்திருந்த 500 பவுண்டு பரிசுக்கு 1930-ல் போட்டி நடந்தது. கராச்சியிலிருந்து ஜே.ஆர்.டி. டாட்டா, எதிர்த்திசையிலிருந்து 17 வயது ஆஸ்பி இன்ஜினியர். எகிப்தின் அபூகிர் ஓடுதளத்தில் ஆஸ்பி ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்தார். டாட்டா தன்னிடமிருந்ததைக் கொடுத்தார். ஆஸ்பி ஜெயித்தார், பிற்காலத்தில் இந்திய விமானப்படையின் தலைவரானார். எவ்வளவு அருமையான தரைக்காட்சி! அடிமை நாட்டு இளைஞர்கள் இருவர், ஆளுகிறவனின் விமானதளத்தில், போட்டியை மறந்து நிற்கிறார்கள். இதை உள்ளிருந்து எழுதிய ஒரு பெரிய நூல் நம்மிடம் இல்லை. வாழ்க்கை வரலாற்றில் ஒரு சம்பவமாக நின்றுவிட்டது.

'வெஸ்ட் வித் தி நைட்' வந்த சூட்டோடு மறக்கப்பட்டது. அவள் நம்மையெல்லாம்விட நன்றாக எழுதியிருக்கிறாள் என்ற பொருளில் ஹெமிங்வே தன் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸுக்கு எழுதிய கடிதம் பல வருடம் கழித்து ஒருவர் கண்ணில் பட, 1983-ல் மறுபதிப்பு வந்தது. கூடவே ஒரு சர்ச்சையும். நூலை எழுதியது அவருடைய மூன்றாவது கணவர் ரவுல் ஷூமாக்கர்தான் என்றார் எரல் ட்ரெபின்ஸ்கி. இல்லை, மார்க்கமேதான் என்றார் மேரி லவல். வாக்கியங்களை யார் செப்பனிட்டார்கள் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. ஆனால் அம்சியாட்டையும் பெங்காசியையும் பார்த்த கண், இறங்கியதும் பெட்ரோலுக்கும் அனுமதிக்கும் அலைந்த ஆளுடைய கண். அதை மேஜையில் உட்கார்ந்து உருவாக்குவது கஷ்டம்.

தலைப்பு அத்தியாயத்தில் வரும் அட்லாண்டிக் பயணத்தைக்கூட அதன் முடிவுக்காகத்தான் திரும்ப வாசிக்கிறேன். 1936 செப்டம்பர் 4 மாலை இங்கிலாந்தின் அபிங்டனில் கிளம்பியவர், இருபத்தொரு மணி நேரத்துக்கும் மேல் தனியாகப் பறந்தார். போய்ச் சேர வேண்டியது நியூயார்க். பெட்ரோல் வராமல் இன்ஜின் நின்று, கனடாவின் கேப் பிரிட்டன் தீவில் பெலீன் என்ற இடத்தில் ஒரு சதுப்பில் மூக்கு குத்தி விழுந்தார். நெற்றியில் காயம். மீனவர்கள் ஒரு குடிசைக்கு வழிகாட்டினார்கள். அங்கே ஒரு டெலிபோன் இருந்தது, கப்பல் உடைந்து கரையேறுகிறவர்களுக்காக வைத்தது. அந்த டெலிபோனையும், அது எதற்காக அங்கே இருக்கிறது என்பதையும் மார்க்கம் குறித்து வைக்கிறார். கிழக்கிலிருந்து மேற்காக அட்லாண்டிக்கைத் தனியாகக் கடந்த ஒருவர், அந்தப் பக்கத்தில் தன் சாதனையைவிட அதைக் கவனித்திருக்கிறார். இந்த நூலை நண்பர்களுக்கு நான் சிபாரிசு செய்வது அந்தக் கவனத்துக்காகத்தான்.