சுண்டைக்காய்

சுண்டை, கத்தரிக்கு நெருங்கிய உறவு. ஆளுயரத்தைத் தாண்டும் முட்செடி. வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாகப் பட்டாணி அளவில் பச்சைக் காய். பூர்வீகம் வெப்பமண்டல அமெரிக்கா என்றாலும், ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று பழமொழியில் ஏறும் அளவுக்குத் தமிழோடு ஒட்டிவிட்டது.

காயை லேசாகத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊறப்போடுவார்கள். பகலில் வெயில், இரவில் மறுபடி மோர். மோர் வற்றும்வரை இதேதான். நல்லெண்ணெயில் கருகாமல் பொரிந்த வற்றல்தான் வத்தக்குழம்புக்கு உயிர். அதன் கசப்பைக் குறை என்பவர், நாக்குப் பழகாதவர்.

சித்த மருத்துவத்தில் செரியாமைக்கும் கழிச்சலுக்கும் சுண்டைவற்றல் சூரணம் தருவதுண்டு. தாய்லாந்தில் பச்சைமிளகாய்க் குழம்பில் காயை முழுசாகவே போடுகிறார்கள். வாடல் நோயைத் தாங்கும் செடி என்பதால், இதன் தண்டில் கத்தரியை ஒட்டுக் கட்டி வளர்ப்பவர்களும் உண்டு.