விடுபட்ட முன்னிலை: ‘டிரைவ் மை கார்’ திரைப்படத்தில் துயரும் உரையாடலும்

1. முன்னுரை

குழந்தையை இழந்த கணவன் மனைவியரைப் பற்றிய திரைப்படங்கள் பெரும்பாலும் இருவருக்குமிடையே பேச்சு நின்றுபோவதையே துயரின் அடையாளமாகக் காட்டுகின்றன. ரியூசுகே ஹமகுச்சி இயக்கிய ‘டிரைவ் மை கார்’ (2021) என்னும் ஜப்பானியப் படம் இதனின்று வேறுபடுகிறது. இதில் வரும் இணையர் நிரம்பப் பேசுகின்றனர். ஆனால் ஒருவர் மற்றவரை நேரே நோக்கிப் பேசுவது மட்டும் நிகழ்வதில்லை. ஹருகி முரகாமியின் ‘பெண்களற்ற ஆண்கள்’ (2014) தொகுப்பிலுள்ள சிறுகதையைத் தழுவிய இப்படம் கான் விழாவில் திரைக்கதைக்கான பரிசையும், 2022இல் சிறந்த பன்னாட்டுத் திரைப்படத்திற்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. இப்படத்தில் துயர் எவ்வாறு ஒரு மொழிச்சிக்கலாக உருப்பெறுகிறது என்பதையும், அதனைத் தமிழில் பெயர்ப்போர் கருத வேண்டியவற்றையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. படர்க்கையில் நிகழும் இல்லறம்

கஃபுகு நாடக நடிகன், இயக்குநன். அவன் மனைவி ஒத்தோ தொலைக்காட்சிக்குக் கதை எழுதுபவள். ஒத்தோ என்னும் பெயருக்கு ஜப்பானிய மொழியில் ‘ஒலி’ என்பது பொருள். இவர்களுடைய மகள் நான்கு வயதில் நிமோனியாவால் இறந்தவள். அவ்விழப்பிற்குப் பின், கூடல் முடிந்த வேளைகளில் ஒத்தோ கதை சொல்லத் தொடங்குகிறாள். மறுநாள் அவளுக்கு அக்கதை நினைவிருப்பதில்லை. கணவன் அதனை நினைவில் வைத்திருந்து திரும்பச் சொல்ல, அவள் எழுத்தில் வடிக்கிறாள். ஒருத்தி மறப்பதும் ஒருவன் நினைப்பதுமான இந்த ஏற்பாட்டினால்தான் அத்திருமணம் நிலைத்து நிற்கிறது.

இக்கதைகள் யாவும் படர்க்கையில் அமைந்தவை. தான் விரும்பும் மாணவனின் வீட்டிற்குள் யாருமில்லாத நேரத்தில் நுழையும் ஒரு பள்ளிச் சிறுமியைப் பற்றியது கடைசிக் கதை. ஒத்தோ வேறோர் ஆடவனுடன் இருப்பதைக் கண்ணாடியில் கண்ட கஃபுகு ஓசையின்றி வெளியேறுகிறான். அதுபற்றி ஒரு சொல்லும் கேட்பதில்லை. பின்னொரு காலையில், முந்தைய இரவின் கதையை அவள் கேட்கும்போது, தனக்குச் சரியாக நினைவில்லை என்கிறான். சினமாக வெளிப்பட வேண்டியது மறதியாக வெளிப்படுகிறது. அன்றே அவள், இரவு திரும்பியதும் பேச வேண்டும் என்கிறாள். அவன் வேண்டுமென்றே காலந்தாழ்த்தி வீடு திரும்புகிறான். அதற்குள் மூளையில் குருதி கசிந்து அவள் விழுந்து கிடக்கிறாள். படத்தில் முன்னிலை நோக்கி எழுந்த ஒரே வேண்டுகோள் இவ்வாறு விடையின்றி முடிகிறது.

அக்கதையின் இறுதிப் பகுதியைக் கஃபுகு பின்னாளில் தகட்சுகி என்னும் இளம் நடிகனின் வாயிலாகவே அறிகிறான். கதைச் சிறுமி தான் செய்த கொலையைக் கண்காணிப்புக் கருவியை நோக்கி அறிவிப்பதாக அது முடிகிறது. ஒத்தோ தன்மையில் சொல்ல இயலாத ஒப்புதல், படர்க்கையில் அமைந்து, மூன்றாமவன் வாய்வழியாகக் கணவனை அடைகிறது.

3. ஒலிநாடாவின் இடைவெளி

1899இல் மாஸ்கோ கலை அரங்கில் மேடையேறிய செக்கோவின் ‘வான்யா மாமா’ நாடகத்தில் வான்யாவின் கூற்றுகள் நீங்கலாக ஏனையவற்றை ஒத்தோ ஒலிநாடாவில் பதிந்து வைத்திருக்கிறாள். வான்யாவின் கூற்றுக்கு வேண்டிய கால அளவு ஒவ்வோரிடத்திலும் வெறுமையாக விடப்பட்டுள்ளது. அவள் இறந்து ஈராண்டுகள் கழிந்த பின்னரும் கஃபுகு காரில் அந்நாடாவைக் கேட்டு, இடைவெளிகளில் தன் பகுதியைச் சொல்லி வருகிறான்.

உரையாடலின் புறவடிவம் முழுவதும் இங்கு உள்ளது: கூற்று மாறும் முறை உண்டு, வினாவும் விடையும் உண்டு. இல்லாதது மறுவினை ஒன்றே. கஃபுகு எதைச் சொன்னாலும் அடுத்த கூற்று மாறப்போவதில்லை. துயருற்றவன் விரும்பும் உரையாடல் இத்தகையதே என்பதைப் படம் விளக்கமின்றி உணர்த்துகிறது. இக்காட்சிகளுக்குத் துணைத்தலைப்பு எழுதுவோர் ஒத்தோவின் வரியை அவளது குரல் முடியுமிடத்திலேயே நீக்கிவிட வேண்டும். அவ்வரி இடைவெளியிலும் நீடித்தால், பொருளுடைய மௌனம் வெறும் தாமதமாகிவிடும்.

4. தமிழாக்கத்தில் எழும் சிக்கல்கள்

ஜப்பானிய வினைமுற்றில் இடவிகுதி இல்லை. எழுவாயும் பெரும்பாலும் தொக்கு நிற்கும். தமிழிலும் தோன்றா எழுவாய் உண்டு. ஆயினும் ‘வந்தாய்’, ‘வந்தீர்கள்’ என்னும் விகுதி வேறுபாடு அதனை உடனே வெளிப்படுத்திவிடும். ஒத்தோவின் வேண்டுகோளை ‘நீங்கள்’ என்று தொடங்கினால் பணிவும், ‘நீ’ என்று தொடங்கினால் நெருக்கமும் மூலத்தில் இல்லாத அளவுக்கு மிகும். இவ்விடத்தில் ‘வந்ததும் பேசலாமா’ என்பது போன்ற, இடம் காட்டாத வடிவம் பொருந்தும். யார் பேசப் போகிறார் என்பதை அது திறந்தே வைக்கிறது.

இறுதிக் காட்சியின் சிக்கல் இதற்கு எதிரானது. ஹிரோஷிமாவில் கஃபுகு இயக்கும் நாடகத்தில் நடிகர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் பேசுகின்றனர். சோனியாவாக நடிக்கும் லீ யூனா பேச்சற்றவள். கொரியச் சைகைமொழியைக் கையாள்பவள். தாங்கள் வாழ்ந்தே தீர வேண்டும், முடிவில் ஓய்வு கிட்டும் என்னும் சோனியாவின் கூற்றை, வான்யாவாக அமர்ந்திருக்கும் கஃபுகுவின் பின்னால் நின்று, அவன் முகத்திற்கு முன்னே கைகளை நீட்டிச் சொல்கிறாள். சைகைமொழியில் பேசுவோரும் கேட்போரும் எதிரெதிரே இருப்பதே இயல்பு. இங்கு இருவரும் ஒரே திசையை நோக்குகின்றனர். கேட்பவனுக்கு அக்கைகள் தன் கைகளாகவே தோன்றக்கூடும். தன்மையும் முன்னிலையும் ஒரே வெளியில் கலக்கின்றன.

ரஷ்யனிலோ ஜப்பானிய மொழியிலோ ஆங்கிலத்திலோ தன்மைப் பன்மை, கேட்போரை உட்படுத்துகிறதா இல்லையா என்பதைத் தன் வடிவால் காட்டுவதில்லை. தமிழ் காட்டியே ஆக வேண்டும். இக்கூற்றில் ‘நாங்கள்’ என்பதற்கு இடமில்லை. முன்னிலையை உளப்படுத்தும் ‘நாம்’ ஒன்றே பொருந்தும். படம் ஏறத்தாழ மூன்று மணிநேரம் தேடியதைத் தமிழ் ஓரசையில் தந்துவிடுகிறது. ஆதலின் முந்தைய காட்சிகளில் கணவன் மனைவியர் பேச்சில் ‘நாம்’ என்பதைத் தாராளமாகப் பயன்படுத்தும் மொழிபெயர்ப்பாளர் இறுதிக் காட்சியின் வலிமையை முன்கூட்டியே செலவிட்டவராவார்.

5. மதிப்பீடு

படத்தில் குறையும் உண்டு. பனி மூடிய ஹொக்கைடோவில், தன் தாயை நிலச்சரிவில் இழந்த கார் ஓட்டுநர் மிசாகியிடம், தான் உரிய காலத்தில் முறையாக வேதனைப்பட்டிருக்க வேண்டும் என்று கஃபுகு மனம் திறக்கிறான். ஒத்தோவுக்குரிய சொற்கள் மீண்டும் வேறொருவரிடம் சொல்லப்படுவது படத்தின் அமைப்புக்கு இயைந்ததே. ஆனால் இடைவெளிகளால் உணர்த்தப்பட்டதை இக்காட்சி உரையெழுதி விளக்குகிறது. இதனினும் முதன்மையானது ஒத்தோவின் நிலை. மகளை இழந்த தாயின் துயர் அவளது சொந்தக் கூற்றாக ஓரிடத்திலும் விரிவதில்லை. கதையாகவும் நாடாவாகவும் ஆடவர் இருவரின் நினைவாகவுமே எஞ்சுகிறது. ஒலியென்று பெயர் பெற்றவள் பிறர் சொற்களின் ஒலியாகவே நின்றுவிடுகிறாள்.

எனினும் இக்குறையே படத்தின் வினாவைக் கூர்மையாக்குகிறது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்கப்படாத ஒரு கூற்றைப் பின்னர் எத்தனை மொழிகளில் பெயர்த்தாலும் அதற்குரியவரிடம் சேர்ப்பிக்க இயலாது. கஃபுகுவுக்கு வாய்த்தது வேறொருவரின் கைகளில் கிடைத்த ‘நாம்’ மட்டுமே.