மாயத் தோட்டம்

ராஜபாளையத்தில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சி. வழக்கமான எரிமலை, காற்றாலை, தெர்மாகோல் சூரியக் குடும்பம் எல்லாம் தாண்டினால் மூலையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே நீலம், பச்சை, ஆரஞ்சில் செடி மாதிரி ஏதோ நின்றுகொண்டிருந்தது. அட்டையில் 'மாயத் தோட்டம்'. "எப்படிப்பா வளருது?" என்றேன். "கெமிக்கல் ரியாக்‌ஷன் சார்" என்றான் பையன். அதற்கு மேல் கேட்டதற்கு மிஸ்ஸைப் பார்த்தான்.

அவன் மேல் குற்றமில்லை. பார்க்க வருகிறவர் பிரமித்தால் போதும் என்று யாரோ முடிவு செய்துவிட்டார்கள். என் ஆட்சேபணை அதில்தான். விஷயம் மாயத்தைவிட சுவாரஸ்யமானது.

சோடியம் சிலிக்கேட் கரைசலில் உலோக உப்புக்கட்டி ஒன்றைப் போட்டதும் அதைச் சுற்றிக் கரையாத மெல்லிய தோல் படியும். அது தண்ணீரை உள்ளே விடும், உப்பை லேசில் வெளியே விடாது. அழுத்தம் ஏறி ஏறித் தோல் கிழியும். பீறிடும் உப்புநீர் சுற்றியுள்ள சிலிக்கேட்டைவிட லேசு என்பதால் மேலே போகும். போகிற வழியிலேயே மறுபடி தோல் கட்டும். இப்படிக் கிழிந்து கிழிந்தே குழாய் வளர்கிறது. விண்வெளியில் செய்தபோது மேல் கீழ் தெரியாமல் கண்ட திசையில் வளர்ந்தது!

கிளாபர் 1646-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். பிரெஞ்சு டாக்டர் ஸ்தெஃபான் லெதுக் ஒரு படி மேலே போய், 1912-ல் 'செயற்கை உயிரியல்' என்றே புத்தகம் போட்டார். உருவம் ஒத்துப்போனால் உயிரும் பக்கத்தில்தான் என்கிற தோரணை. 10, 12 கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் நந்தவனத்துக்குப் போனால் பதில் கிடைக்கும். ஆண்டாள் கிடைத்ததாகச் சொல்லும் துளசிக்கு விதை உண்டு; விதைத்தால் துளசி வரும். ஜாடிக் குழாயை ஒடித்து இன்னொரு ஜாடியில் போட்டால் ஒன்றும் முளைக்காது.

தாமஸ் மன்னின் 'டாக்டர் ஃபாஸ்டஸ்' நாவலிலும் (1947) இந்த ஜாடி வருகிறது. 'செடிகள்' வெயில் பக்கம் சாய, காட்டும் அப்பா கண்கலங்குகிறார். மகன் சிரிப்பை அடக்கத் திணறுகிறான். அபாரமான கட்டம். வேதியியல்தான் இடிக்கிறது. இது இருட்டறையிலும் ஜோராக வளரும்.

அடுத்த வருஷம் செய்கிறவர்களுக்கு: கோபால்ட், நிக்கல் உப்பெல்லாம் விஷம், விலையும் அதிகம். மயில்துத்தமும் அன்னபேதியும் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். கையுறை அவசியம். முடிந்ததும் ஜாடியைக் கண்மாயில் கவிழ்க்காதீர்கள். மயில்துத்தம் மீனுக்கு ஆகாது.