கேட்பரிக் குன்றும் கேமலாட் என்னும் பெயரும்: ஒரு மறுநோக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கில், சோமர்செட் மாவட்டத்துச் சவுத் கேட்பரி என்னும் சிற்றூரை ஒட்டி, நான்கு வரிசை அரண்கள் சூழ்ந்த குன்று ஒன்று உள்ளது. அதன் உச்சிப்பரப்பு ஏறத்தாழ 18 ஏக்கர். புதுக்கற்காலத்தில் மக்கள் வந்து தங்கிய இவ்விடம் இரும்புக்காலத்தில் பெருங்கோட்டையாக வளர்ந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் அதன் தென்மேற்கு வாயிலில் பலர் கொலையுண்டனர். 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குன்று மீண்டும் அரண் பெற்றது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எதெல்ரெட் மன்னனின் நாணயச்சாலை இங்கு இயங்கியது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறுடைய இக்குன்றைப் பலரும் அறிந்திருப்பது ஆர்தர் மன்னனின் கேமலாட் என்றே.

அப்பெயரை இக்குன்றுக்கு உரியதாக 1542இல் எழுதி வைத்தவர் ஜான் லேலண்ட். கேமலாட் என்னும் பெயரோ 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரெஞ்சுக் கவிஞர் கிரெத்தியான் டி துருவாவின் காவியத்தில்தான் முதன்முதல் தலைகாட்டுகிறது. ஆர்தர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்திற்கு அது அறுநூறு ஆண்டு பிந்தியது. அருகில் குவீன் கேமல், வெஸ்ட் கேமல் என ஊர்கள் இருப்பது லேலண்டுக்குத் துணைநின்றது போலும்.

1966 முதல் 1970 வரை இங்கு அகழாய்ந்த லெஸ்லி ஆல்காக் கைதேர்ந்த தொல்லியலர். அவர் அகழ்ந்ததில் நாம் குறைகாணவில்லை. கண்டதை அடுக்கிச் சொன்ன முறையே நம் வினாவுக்குரியது. 1972இல் வந்த பொதுநூல் கேமலாட்டைத் தலைப்பிலேயே தாங்கியது. முழு அறிக்கைகளுள் முதலில் வெளிவந்தது தொடக்க இடைக்காலம் பற்றியது (1995). குன்றின் மிக நீண்ட வாழ்வாகிய இரும்புக்காலம், பாரெட், ஃப்ரீமன், உட்வர்ட் ஆகியோரின் தொகுதியில் 2000ஆம் ஆண்டில்தான் முழுவடிவம் பெற்றது. அகழாய்வு முடிந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன!

ஆல்காக்கின் சான்றுகள் எளிதில் ஒதுக்கத்தக்கன அல்ல. மரச்சட்டமும் கல்லும் கொண்டு புதுப்பித்த மதில் குன்றைச் சுற்றி ஓராயிரம் மீட்டருக்கு மேல் நீள்கிறது. மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வந்த மதுச்சாடிகளின் ஓடுகள் அக்காலத்தை உறுதிசெய்கின்றன. ஆயின் 19 மீட்டர் நீளமுள்ள மண்டபம், பல காலத்துக் கம்பக்குழிகள் கலந்து கிடந்த பரப்பிலிருந்து தேர்ந்து பிரித்த வடிவம் என்பதை மறத்தலாகாது. இவற்றால் பெறப்படுவது வளமும் ஆட்பலமும் உடைய தலைவன் ஒருவன் இருந்தான் என்பதே. அவன் பெயரை மண் சொல்லவில்லை. ஆர்தர் பற்றிய எழுத்துச் சான்றுகளின் வலுவின்மையை டேவிட் டம்வில் 1977இல் எடுத்துக்காட்டியபின், ஆல்காக்கே 1982இல் தம் நிலையிலிருந்து பெரிதும் பின்வாங்கினார். அந்நேர்மை பாராட்டுக்குரியது.

அதே சோமர்செட்டில் கேட்பரி காங்ரஸ்பரி என்னும் மற்றொரு குன்றரணும் அதே காலத்தில் மீளக் குடியேற்றம் பெற்று, அதே வகை இறக்குமதி ஓடுகளைத் தந்துள்ளது. அதற்கு ஒரு லேலண்ட் வாய்க்கவில்லை. துறைசார்ந்தோர்க்கு வெளியே அதனை அறிந்தோர் சிலரே. பெயர் ஓர் அகழாய்வுக்குப் பணமும் புகழும் தேடித் தரும் என்பதையும் நாம் மறுப்பதற்கில்லை.

தமிழாய்வாளர்க்கு இதில் நேரடித் தொடர்பு ஒன்றுண்டு. கேட்பரி அகழாய்வுக் குழுவின் தலைமைப் பொறுப்பை ஏற்றிருந்தவர் மோர்ட்டிமர் வீலர். 1950இல் மொகஞ்சதாரோவில் அவருடன் பணியாற்றியவர் ஆல்காக். அந்த வீலரே 1945இல் அரிக்கமேட்டில் இத்தாலிய அரெட்டைன் ஓடுகளைக் கொண்டு காலங்கணித்து, அவ்விடத்தை உரோமர் வணிகத்தால் உருவான நிலையமாகக் காட்டினார். 1989 முதல் 1992 வரை அங்கு அகழ்ந்த விமலா பெக்லி, அவ்வோடுகள் வருமுன்பே அவ்வூர் வாழ்ந்திருந்ததையும் பின்னரும் நெடுங்காலம் தொடர்ந்ததையும் நிறுவினார். ஓரூரின் முழு வாழ்வையும் அயலகச் சாடியைக் கொண்டு அளத்தல் தகுமா? 2007இல் தொடங்கிய பட்டணம் அகழாய்வைச் சங்கப் பாடல்களின் முசிறியோடு இணைத்துக் கற்பிக்கும் ஆசிரியர்கள், அவ்விணைப்பில் ஓடு சொல்வது எவ்வளவு, பாடல் சொல்வது எவ்வளவு என்று பிரித்துக் காட்டுதல் வேண்டும்.

கேட்பரிக் குன்றுக்கு அங்கு வாழ்ந்தோர் காலத்திலேயே எழுத்தில் பொறித்த பெயர் ஒன்று உண்டு. எதெல்ரெட்டின் காசுகளில் அது 'கேடன்பைரிக்' எனக் காணப்படுகிறது. 1972ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் ஏறியது லேலண்டின் பெயர்.