வென்றவனிடம் சொன்ன சொல்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம் சங்கங்களின் ஆண்டு விழாக்களில் தவறாது ஒலிக்கும் பெயர்கள் சில உண்டு. கரிகாலன், நெடுஞ்செழியன், சேரன் செங்குட்டுவன் ஆகியோர் அவற்றுள் முதன்மையானவர்கள். சிறப்பாக, செங்குட்டுவன் கனக விசயரின் தலையில் கல்லேற்றிய காட்சி நம் மேடைகளுக்கு மிக உகந்தது. அட்டையாற் செய்த கல்லை இரு சிறுவர்கள் சுமந்து வருவர், கையொலியால் அரங்கம் அதிரும், திரை விழும். பிழைப்பை நாடி வடபுலம் வந்த நமக்கு அக்காட்சி மகிழ்ச்சி தருவது இயல்பே. ஆயின் இளங்கோவடிகள் தம் காப்பியத்தை அவ்விடத்தில் முடிக்கவில்லை. அதன் பின்னர் அவர் சொல்வதைக் கேளாமலே நாம் எழுந்து வந்து விடுகிறோம். அதிகாரத்தையும் வீரத்தையும் அறத்தையும் நம் முன்னோர் எந்தத் தராசில் நிறுத்தனர் என்பது அந்தப் பிற்பகுதியில்தான் விளங்குகிறது.

வெண்ணிக் களம்

அத்தராசைப் புறநானூற்றிலேயே காண்கிறோம். நீடாமங்கலத்திற்கு அருகில் இன்று கோயில்வெண்ணி என வழங்கும் வெண்ணியில் கரிகாலன் பெரும்போர் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன், முன்புறம் குறித்து எறிந்த வேல் தன் முதுகிலும் புண் செய்ததற்கு நாணி, வடக்கிருந்து உயிர் துறந்தான். அவ்வூர்ப் பெண்பாற் புலவர் வெண்ணிக் குயத்தியார் வென்ற வேந்தனைப் பாடுகிறார். முன்னோர் பெருமையையும் அவன் ஆற்றலையும் சொன்ன பின்னர், புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று அவனிடமே வினவுகிறார். குயவர் குடியினர் எனப் பெயரால் அறியப்படும் ஒரு பெண், வெற்றியின் சூடு ஆறாத வேந்தனிடம் இதனைக் கேட்டார். அப்பாட்டு அழிக்கப்படாமல் கரிகாலனின் புகழோடு புகழாக நம் கைக்கு வந்து சேர்ந்துள்ளது. கேட்டவரின் துணிவு பெரிது. கேட்டுப் பொறுத்த அவையின் பண்பும் சிறிதன்று.

கோவூர் கிழார் கிள்ளிவளவனைத் தடுத்ததும் இத்தகையதே. பகைவனான மலையமானின் மக்களை யானைக் காலில் இட அவ்வேந்தன் துணிந்தான். அக்குழந்தைகளோ யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தன. பின்னர்ப் புதிய மன்றத்தைக் கண்டு மருண்டு நின்றன. இதனை மட்டும் அரசனின் கண்ணுக்குக் காட்டி, புறாவின் துயர் தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று நினைவூட்டி, கேட்டபின் உன் விருப்பப்படி செய் என்று புலவர் ஒதுங்கிக் கொள்கிறார். முடிவை அரசனிடமே விட்டதுதான் அவர் சொல்லின் வலிமை. குழந்தைகள் உயிர் பிழைத்தனர் என்பதைப் பாட்டின் கீழுள்ள குறிப்பால் அறிகிறோம்.

ஈண்டு ஒன்றை மறைத்தல் ஆகாது. புறநானூற்றுப் புலவர் அனைவரும் எப்போதும் இவ்வாறு நின்றவர் அல்லர். பகைவர் தெருக்களைக் கழுதை ஏர் பூட்டி உழுததையும், அவர்தம் விளைவயல்களைக் குதிரைகள் மிதித்து அழித்ததையும் பெருமையாகப் பாடிய பாட்டுகளும் அதே தொகையில் உள்ளன. அவ்வயல்களின் உழவர்க்கு எவரும் பாடவில்லை. பரிசில் பெற்ற நாவும் இடித்துரைத்த நாவும் ஒரே மரபின. எனவே, நம் இலக்கியம் முழுவதும் அறமே என்று முழங்குவது அவ்விலக்கியத்திற்கே செய்யும் பிழையாகும். இரண்டு குரல்களும் அங்கே உண்டு. எதனை நாம் எடுத்து ஓதுகிறோம் என்பதே கேள்வி.

மாடலன் உரை

இனி, சிலம்பிற்கு வருவோம். செங்குட்டுவனின் வடபுலப் படையெடுப்பு காப்பியம் கூறும் செய்தி. வரலாற்றுச் சான்றுகளால் நிறுவப்பெற்றதன்று. ஆதலின் அடிகள் அதனை எவ்வாறு அமைத்தார் என்பதே நாம் நோக்க வேண்டுவது. கோவலன் கொலையையும் பாண்டியன் முடிவையும் கேட்டபோது செங்குட்டுவன் அறம் அறிந்தவனாகவே பேசுகிறான். பாண்டியனின் வளைந்த கோலை அவன் உயிரே நிமிர்த்தியது என்கிறான். மழை பொய்த்தாலும் குடிகள் நொந்தாலும் அஞ்ச வேண்டிய அரச வாழ்வு துன்பமே என்றும் சொல்கிறான். அத்தகையவன்தான் பின்னர்த் தமிழரசரை இகழ்ந்தார் என்ற சினத்தோடு கங்கையைக் கடக்கிறான். பதினெட்டு நாழிகையில் போர் முடிகிறது. கனக விசயர் முடிமேல் கல் ஏறுகிறது.

அதன் பின்னர் நடப்பதே நம் மேடைகள் காட்டாதது. சிறைப்பட்ட வடவரைச் சோழனுக்கும் பாண்டியனுக்கும் காட்டி வருமாறு செங்குட்டுவன் அனுப்புகிறான். அவ்விருவரும் வியந்து பாராட்டுவர் என எதிர்பார்த்தான் போலும். அவர்களோ, படைக்கலத்தைக் கைவிட்டுத் தவவேடம் பூண்டு ஓடியவரைப் பிடித்து வருதல் வீரமன்று என்று நகைத்தனர். இதனைக் கேட்டுச் சேரனின் கண் சிவந்தது. அடுத்த போர் தமிழ் மண்ணிலேயே மூளும் நிலை. கல்லேற்றிய வெற்றியைப் பழித்தவர் வடவர் அல்லர், தமிழ் வேந்தர் இருவர் என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும்.

அப்போது எழுந்தவன் மாடலன் என்னும் அந்தணன். நீ அரசேற்று ஐம்பது ஆண்டுகள் கடந்தன; இன்னும் மறக்கள வேள்வியே செய்கின்றாய், அறக்கள வேள்வி செய்தாயில்லை என்கிறான். உனக்கு முன்னிருந்த வீரர் எவரும் நிலைத்திலர் என அடுக்கிச் சொல்கிறான். உயிரும் செல்வமும் நில்லாமையை உணர்த்துகிறான். செங்குட்டுவனின் சினம் தணிகிறது. கனக விசயரையும் ஏனை ஆரிய மன்னரையும் சிறைநீக்கி, விருந்தினராகப் பேணுமாறு ஆணையிடுகிறான். தன் வாயாலேயே முன்னர்ச் சொன்ன அறத்தை வெற்றியின் மயக்கத்தில் மறந்தான். பிறன் சொல் கேட்டு மீண்டான். கண்ணகிக்குக் கல் நாட்டியது அவன் ஆற்றலுக்குச் சான்று. சிறை திறந்ததே அவன் பெருமைக்குச் சான்று என்பது எம் துணிபு.

தௌலிப் பாறை

இந்திய வரலாற்றில் இதனோடு ஒப்பிடத்தக்கவன் அசோகன். கலிங்கப் போரில் 1 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர், 1½ இலட்சம் பேர் நாடு பெயர்க்கப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் தானே எழுதி வருந்திய மன்னன் அவன். உலக வரலாற்றில் இத்தகைய வாக்குமூலம் அரிது. ஆயின் போர் நடந்த கலிங்க மண்ணில், புவனேசுவரத்திற்கு அருகிலுள்ள தௌலியிலும் சௌகடாவிலும், அக்கல்வெட்டு இல்லை. அதற்கு மாற்றாக வேறு ஆணைகளே பொறிக்கப்பட்டுள்ளன. வருத்தம் சொன்ன அதே கல்வெட்டில், காட்டு மக்களை நோக்கி, எமக்குத் தண்டிக்கும் வலிமையும் உண்டு என்னும் எச்சரிக்கையும் காணப்படுகிறது. அசோகனின் வருத்தம் பொய் என்று யாம் கூறவில்லை. தன்னைத் தானே நிறுக்கும் அதிகாரம், எவ்வளவு நேர்மையானதாயினும், தட்டைச் சிறிது தன் பக்கம் சாய்த்துக் கொள்கிறது என்றே கூறுகிறோம். அதனாற்றான் குயத்தியாரும் கோவூர் கிழாரும் மாடலனும் வேண்டப்படுகின்றனர்.

நம் பிள்ளைகள் இந்நகரங்களிலேயே பிறந்து, பிற மொழிக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் பயில்கின்றனர். ஆண்டுக்கொரு முறை நம் மேடையில்தான் அவர்கள் பழந்தமிழரைச் சந்திக்கின்றனர். அங்கே கல் சுமக்கும் தலைகளை மட்டும் அவர்கள் கண்டால், தமிழ்ப் பெருமை என்பது பிறரைத் தாழ்த்துவது என்றே கற்றுக்கொள்வர். மறுநாள் பள்ளியில் அருகமர்ந்த தோழனை அக்கண்ணாலேயே நோக்கவும் கூடும். பிழை அவர்களுடையதன்று; காப்பியத்தைப் பாதியில் நிறுத்திய நம்முடையது.

ஆதலின் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு நாடகத்தில் கல் ஏறியவுடன் திரையை விட வேண்டா. சோழனும் பாண்டியனும் நகைக்கட்டும். சேரனின் கண் சிவக்கட்டும். மாடலனாக வரும் சிறுவன் தன் பங்கைச் சொல்லி முடிக்கட்டும். கல்லைச் சுமந்த அவ்விரு சிறுவர்களும் அரசனின் பக்கத்தில் விருந்தினராய் அமர்ந்த பின்னர்த் திரை விழட்டும். கையொலிக்கு அப்போதும் குறைவிராது.